மேரே அக்காவின் பச்சைக்கல்

ஜூன் 3, செவ்வாய்

மருத்துவமனை நர்ஸ் எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். என் கணவர் ராவிரியின் வலது கை எப்போதெல்லாம் நடுங்குகிறது, அப்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுதிவைக்க வேண்டுமாம். கிறைஸ்ட்சர்ச்சில் நரம்பு மருத்துவரைப் பார்க்க ஜூலைக் கடைசியில்தான் இடம் கிடைத்திருக்கிறது. அதுவரை குறித்துவைத்தால் அவருக்கு உதவியாக இருக்கும் என்றாள். தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதுங்கள், அங்கே போய் வாயால் சொன்னால் போதும் என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். இன்று நடுங்கவில்லை.

காலையிலிருந்து மழை. எங்கள் ஊர் ஹோக்கிடிக்காவில் மழையை எழுதத் தொடங்கினால் வேறெதற்கும் பக்கம் மிஞ்சாது. விறகு பாதி நனைந்துவிட்டது. முதியோர் இல்லத்தில் காலை வேலையை முடித்து வந்து பருப்பை அடுப்பில் ஏற்றும்போது மேரே அக்கா வந்தார்.

அவர் ராவிரிக்குப் பெரியப்பா மகள். நான் 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்த புதிதில் அது என்ன வார்த்தை என்று கேட்டார். சொன்னேன். அதிலிருந்து வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. குடும்பத்தில் நல்லது கெட்டது எதுவும் அவரைக் கேட்காமல் நடக்காது. இன்று ஒரு துவாலையில் எதையோ சுற்றி, குழந்தையைத் தூக்கிவருவது போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். மேசைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளங்கைகள் இரண்டையும் சேர்த்த அளவில் ஒரு பச்சைக்கல். பொனாமு என்பார்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகளான இவர்கள். வெளித்தோல் தவிட்டு நிறம். வெட்டுப்பட்ட ஒரு முகத்தில் மட்டும் அக்கா விரலை நனைத்துத் தடவினார். உள்ளே யாரோ விளக்கை ஏற்றிய மாதிரி பச்சை எழுந்து வந்தது.

"இதுலேர்ந்துதான் என் தம்பிக்குப் பதக்கம் வெட்டினது. ராவிரியோட அப்பா வெட்டினார்" என்று என்னிடம் சொன்னார்.

அந்தத் தம்பி இறந்து பல வருடம் ஆகிறது. அவருக்கு ஒரு மகன் இருந்ததே எனக்கு இன்றுதான் தெரியும். பிறந்ததும் தத்துக் கொடுத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் வேறு பெயரில், வேறு ஒரு குடும்பத்தில் வளர்ந்தானாம். நாற்பது வயதில், தான் யார் பிள்ளை என்று தானே தேடிக் கண்டுபிடித்து அக்காவுக்குப் போன் செய்திருக்கிறான். இங்கே அவனுக்கு வைத்த பெயர் டாமட்டி. ஆகஸ்டில் வருகிறான். குடும்பம் கூடும் பெரிய கூடத்தில், அதை மராய் என்பார்கள், அவனை முறைப்படி வரவேற்கப் போகிறார்கள்.

"அவன் கழுத்துல கொரு போடணும்" என்றார் அக்கா.

கொரு என்பது பெரணிச் செடியின் சுருண்ட தளிர். வெளிப்பக்கம் விரிந்துகொண்டே போகும். உள்பக்கம் தன் தொடக்கத்தையே சுற்றிக்கொண்டிருக்கும். புது உயிருக்குக் கொடுப்பார்கள். போய்விட்டுத் திரும்புகிறவர்களுக்கும் கொடுப்பார்கள்.

"உங்கப்பா கை, உன் கை. மூணாவது கை இந்தக் கல்லுல படக்கூடாது, ராவிரி."

ராவிரி இடது கையால் கல்லை வாங்கிக்கொண்டார். வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. நல்ல குளிர்.


ஜூன் 5, வியாழன்

நடுங்கவில்லை. காபியைப் பாதி டம்ளருக்கு மேல் ஊற்றாதே என்கிறார். அப்போதுதான் ஆறுவதற்குள் குடிக்க முடிகிறதாம்.


ஜூன் 9, திங்கள்

பச்சைக்கல் பதக்கம் செய்து விற்கும் எங்கள் கடையில் வெளியூர்க்காரர் ஒருவர் தூண்டில் வடிவத்தில் ஒன்று கேட்டிருந்தார். மகன் படகில் நீண்ட பயணம் போகிறான், தண்ணீரில் போகிறவனுக்குத் தூண்டில் துணை என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ராவிரி மூன்று நாளாக அதைச் செய்துகொண்டிருந்தார். இன்று கயிறு கோக்கும் துளையைப் போடும்போது மேல்பகுதி உடைந்துபோனது. துளையூசி மழுங்கிவிட்டது என்றார். எடுத்துப் பார்த்தேன். போன வாரம் வாங்கியது.

ஊசி மழுங்கித்தான் இருக்கும்.

சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும் முன், "பட்டறையில குழாய் சொட்டுதான்னு பாத்துட்டு வா" என்றார். போனேன். குழாய் சொட்டவில்லை. மேசையில் இன்னொரு தூண்டில் முக்கால்வாசி முடிந்து கிடந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கல் தேய்க்கும் சக்கரத்துக்குத் தண்ணீர் விடும் தொட்டி நிரப்பி வைத்திருந்தது. நான் உட்கார்ந்தேன்.

உறையூரில் எங்கள் தெரு முழுக்கப் பட்டை தீட்டுகிறவர்கள். மோதிரத்தில் பதிக்கும் செயற்கைக் கற்கள். அப்பாவுக்கு அதுதான் தொழில், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கும். எள்ளளவு கல்லில் பட்டை பிசகாமல் தீட்டிப் பழகிய கைக்கு இந்த ஊர்க் கல் யானை மாதிரி. ஆனால் குணம் வேறு. அந்தக் கல் கண்ணாடிபோலச் சொன்னபடி கேட்கும். இதற்குள் நார் நாராக ஓட்டம் உண்டு, அந்த ஓட்டத்தைப் பார்த்துக் கையை வைக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து பளபளப்பு ஏற்றும் வேலை என்னுடையது. கடைசித் தேய்ப்பு, தோலில் உரசுவது, கயிறு கட்டுவது. அதற்குமேல் நான் தொட்டதில்லை.

துளை போட்டேன். தண்ணீருக்குள் வைத்து, கொஞ்சம் குத்தி, எடுத்து, மறுபடி குத்தி. சுத்தமாக வந்தது.

வீட்டுக்குள் வந்ததும், "சொட்டுதா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன். விளக்கை அணைத்தார்.


ஜூன் 14, சனி

தங்கை தையல்நாயகி வீடியோவில் வந்தாள். அவள் மகளுக்குக் காது குத்துகிறார்களாம். பேசிக்கொண்டே இருந்தவள் சட்டென்று, "ஏங்க்கா, மாமா எப்பவும் பின்னாடி நின்னு கையை ஆட்டுவாரே, இன்னிக்கு எங்கே?" என்றாள்.

"வேலையா இருக்காரு."

"முகம் ஏன் அப்படி இருக்கு உனக்கு?"

"இங்க குளிருடி. உனக்கென்ன, வெயில்ல உக்காந்துக்கிட்டுப் பேசுற."

"குளிருல முகம் வெளுக்கும். உனக்குக் கறுத்துல்ல இருக்கு. ஏதும்னா சொல்லுக்கா. நா என்ன பக்கத்து வீட்டுக்காரியா?"

சிக்னல் போகிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

இந்த வாரம் 'குழாய்' மூன்று முறை சொட்டியது.


ஜூன் 22, ஞாயிறு

அக்காவின் கல் இன்னும் அப்படியே இருக்கிறது. ராவிரி தினமும் அதைத் தண்ணீரில் நனைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார், வைத்துவிடுகிறார். இன்று கல்லில் கோடு போடும் அலுமினியக் குச்சியை எடுத்து அதன்மேல் சுருளை வரைந்தார். நான் கயிறு முறுக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். கோடு நேராகப் போய், வளையும் இடத்தில் பூரான் ஓடிய மாதிரி ஆனது. துணியால் துடைத்தார். மறுபடி வரைந்தார். துடைத்தார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நீங்க பக்கத்துல இருங்க, நான் வரையட்டுமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் குரலை உயர்த்தும் ஆள் இல்லை. அப்போதும் உயர்த்தவில்லை.

"கடையில தொங்குறதெல்லாம் நீ செய்யி, வடிவு. அது வேற. இது டாமட்டியோட அப்பன் கல்லு. அவங்க முன்னோர் பேரு ஒண்ணுகூட உனக்குத் தெரியாது. இதைத் தொடாதே."

சரி என்றேன். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்கு வருத்தமும் இல்லை. அது அவர்கள் குடும்பத்துக் கல்.

மதியம் வீட்டில் உள்ள திரைச்சீலைகளை எல்லாம் கழற்றித் துவைத்தேன். காயாது என்று தெரிந்துதான் துவைத்தேன். பின்பக்க ஜன்னலில் பூஞ்சணம் பிடித்திருந்தது, அதையும் சுரண்டினேன். அடுப்புச் சாம்பலை அள்ளினேன். குளிர்பெட்டியைக் காலி செய்து கழுவினேன். இடுப்பு ஒடிகிறது.


ஜூன் 23, திங்கள்

இன்று பேசவில்லை. நடுங்கியதா என்று பார்க்கவில்லை.


ஜூலை 1, செவ்வாய்

முதியோர் இல்லத்தில் இருக்கும் பழைய ரயில்வேக்காரத் தாத்தாவுக்கு இப்போது நான்தான் ஸ்பூனால் ஊட்டுகிறேன். அவருக்கும் முதலில் ஒரு கைதான் ஆடியது என்று அவர் மகள் இன்று சொன்னாள். பிறகு எழுத்து பொடிப் பொடியாகிவிட்டதாம். பிறகு நடை. பிறகு முகத்தில் சிரிப்பு வருவது நின்றுபோனதாம்.

அவருக்கு எண்பத்து நாலு வயது. ராவிரிக்கு ஐம்பத்து மூன்று. அது வேறு, இது வேறு.


ஜூலை 5, சனி

கல்லை வெட்டிவிட்டார். ரம்பத்தில் இறுக்கிப் பிடிக்கும் பிடி இருக்கிறது, அதனால் வெட்டு சரியாக வந்தது. சப்பாத்தி கனத்தில் ஒரு வில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது ஓரத்தில் பால் கலந்த மாதிரி ஒரு வெளுப்பு, நடுவில் ஆழ்ந்த பச்சை. சுருளையும் எப்படியோ வரைந்துவிட்டார். முழங்கையை மேசையில் ஊன்றி, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வரைந்திருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், கதவிடுக்கில் பார்த்தேன்.

பிறகு சக்கரத்தின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. நின்றது. கேட்டது. நின்றது. வீட்டுக்குள் வந்தார். தலைமுடியெல்லாம் சக்கரம் தெளித்த வெள்ளைச் சேறு. நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஈரத்துணியை வைத்தார். அதற்குள் வில்லை. வெளிவளைவில், கோட்டுக்கு வெளியேதான், அரிசி முனையளவு ஒரு சில்லு போயிருந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் முடிந்தது கதை.

"நீயே முடிச்சுடு" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

"யாருக்கும் தெரிய வேணாம். மேரேவுக்கு முக்கியமா."

"தொடாதேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

அவ்வளவுதான் பேச்சு. குளிக்கப் போய்விட்டார். கைகளில் ஒட்டிய மாவோடு நான் நெடுநேரம் நின்றேன். மறுத்திருக்கலாம். மறுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.


ஜூலை 12, சனி

இந்த வாரம் முழுக்க அதுதான். இல்லத்தில் லீவு சொல்லிவிட்டேன்.

சில்லு போன ஓரத்தைத் தேய்த்து எடுத்தேன். வெளிவளைவு எளிது. உள்வளைவுதான் உயிரை வாங்கும். சுருளின் நடுவில் ஒரு துளை போட்டு, வைரத்தூள் பதித்த குட்டி ஊசிகளால் தண்ணீருக்குள்ளேயே சுரண்டிச் சுரண்டி வழி திறக்க வேண்டும். சூடு ஏறினால் கல்லில் வெள்ளைத் தழும்பு விழுந்துவிடும். கண்ணால் பார்ப்பதைவிட விரல் நுனியால் பார்ப்பதுதான் சரியாக இருக்கிறது. ஒரு இடத்தில் நார் குறுக்கே ஓடியது. அங்கே மட்டும் ராவிரியின் கோட்டைவிட்டு நூலளவு உள்ளே வந்தேன். கல் அதைத்தான் கேட்டது.

அவர் பட்டறைக்குள் வரவேயில்லை. வியாழக்கிழமை மட்டும் வாசலில் வந்து நின்றார். ஈரமாக இருந்ததை வாங்கி உள்வளைவில் கட்டைவிரலை வைத்து ஓட்டினார். திருப்பிக் கொடுத்தார். "எங்கப்பாவுக்கே இந்த இடம் இப்படி வராது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று உப்புத்தாள் எல்லாம் முடிந்து தோலில் உரசினேன். எத்தனையோ வருடம் அடுத்தவர் செய்ததற்கு நான் மினுமினுப்பு ஏற்றியிருக்கிறேன். இது ஆரம்பத்திலிருந்து என் விரலுக்குத் தெரிந்த கல். தளிர் என்றால் தளிர். தொட்டால் விரிந்துவிடும் என்று பயமாக இருந்தது. இதுவரை நான் செய்ததில் இதைப்போல ஒன்று இல்லை. ராவிரி செய்ததிலும் இல்லை. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.


ஜூலை 15, செவ்வாய்

மேரே அக்கா பார்க்க வந்தார். ராவிரி துணியை விலக்கினார். அக்கா உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர்கள் மொழியில் ஏதோ மெதுவாகச் சொன்னார். ராவிரியின் தலையைப் பிடித்து நெற்றியோடு நெற்றி வைத்தார்.

"உங்கப்பா இருந்தா அழுதிருப்பார்டா. இந்தக் கை எங்கேர்ந்து வந்துச்சு உனக்கு?"

ராவிரி சிரித்தார். "கல்லு நல்ல கல்லு" என்றார்.

"வடிவு, நீ பாத்தியா உன் புருஷன் செஞ்சதை?"

"பாத்தேன்க்கா. மெருகு நான்தான் போட்டேன்."

"அதான் இப்படி மின்னுது" என்று என் கன்னத்தைத் தட்டினார்.

டீ போட்டுக் கொடுத்தேன். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டிருக்கிறேன். இரண்டு டப்பாவும் ஒரே மாதிரி இருப்பதுதான் காரணம். மாற்ற வேண்டும்.


ஜூலை 29, செவ்வாய்

கிறைஸ்ட்சர்ச் போய்வந்தோம். மலைப்பாதையில் முழுக்க நான்தான் ஓட்டினேன்.

மருத்துவர் ஒல்லியான பெண், பொறுமையானவர். ராவிரியை எழுந்து நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், ஒரு தாளில் சுருள் வரையச் சொன்னார். சுருளைப் போய் வரையச் சொல்ல வேண்டுமா. ராவிரி வரைந்ததைப் பார்த்துவிட்டு, "வீட்டில் குறித்து வைத்தீர்களா?" என்று என்னிடம் கேட்டார்.

நோட்டைத் திறக்கவே இல்லை நான். திறந்தால் அதில் என்ன இருக்கிறது? ஆனால் வாய் திறந்ததும் எல்லாம் வந்தது. மார்ச்சில் சட்டைப் பொத்தான் போட முடியாமல் நின்றது. காபி டம்ளர். கையெழுத்து எறும்பு மாதிரி சுருங்கியது. நடக்கும்போது வலது கை வீசாதது. தூக்கத்தில் உதைப்பது. காலையில் மோசம், யாராவது பார்த்தால் இன்னும் மோசம். நான் சொல்லச் சொல்ல ராவிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவையும் நான் பார்த்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது போல.

பார்கின்சன் நோய். மருத்துவர் அந்தப் பெயரைச் சொன்னார். மாத்திரை இருக்கிறது, வருடக்கணக்கில் நன்றாக இருக்கலாம் என்றார். நுணுக்கமான வேலையைப் பற்றி ராவிரி கேட்டார். மருத்துவர், பார்க்கலாம் என்று சொல்லிச் சுருள் வரைந்த தாளைக் கோப்பில் வைத்தார்.

திரும்பும் வழியில் மலை உச்சியில், வண்டிகள் நிற்கும் இடத்தில் நிறுத்தினேன். கண் மறைத்தது, ஓட்ட முடியவில்லை. கியா என்னும் மலைக்கிளி ஒன்று வண்டியின் முன்னால் வந்து உட்கார்ந்து கண்ணாடி துடைக்கும் ரப்பரைக் கடித்து இழுக்க ஆரம்பித்தது. இருவரும் அதை விரட்டவில்லை.

"அக்காகிட்ட சொல்லிடலாங்க" என்றேன்.

"நோயையா?"

"ரெண்டையும்."

"நோயைச் சொல்றேன். அடுத்த மாசம். டாமட்டி வந்துட்டுப் போகட்டும்."

"அப்ப அந்தக் கொரு?"

"அது கடைசியா நான் செஞ்சதா இருந்துட்டுப் போகட்டுமே, வடிவு. ஒண்ணே ஒண்ணு. உனக்கு என்ன குறைஞ்சுடும்?"

நான் கிளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி, "உனக்கு ஊரு இருக்கு, தங்கச்சி இருக்கா. எனக்கு இந்தக் கைதான் ஊரு" என்றார்.

"பதினோரு வருஷமா நான் எங்க இருக்கேன்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கிளி ரப்பரைப் பிடுங்கிக்கொண்டு பறந்துவிட்டது. மலை இறங்கியதும் மழை. துடைக்க ரப்பர் இல்லாத பக்கம் அவர் பக்கம். அவருக்கு வழியே தெரிந்திருக்காது.


ஆகஸ்ட் 2, சனி

இன்று மேரே அக்கா வீட்டுக்குப் போனேன். ராவிரியிடம் கடைக்குப் போகிறேன் என்று சொன்னேன். பதக்கத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன்.

அக்கா வரவேற்புக்குப் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார். மேசையில் துணியைப் பிரித்து வைத்துவிட்டு, இதைச் செய்தது நான் என்று சொன்னேன். நோயையும் சொன்னேன்.

"எல்லாமேயா?" என்றார்.

"வெட்டினது அவரு. கோடு அவரு. மத்தது நான்."

"மெருகு மட்டும்னு சொன்னே."

"சொன்னேன்."

மடித்த போர்வையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தார். "இப்ப எதுக்கு வந்து சொல்றே? உண்மைக்காகவா? இல்ல உன் பேரு வரணும்னா?"

நான் உண்மைக்காகத்தான் போனேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.

"எடுத்துட்டுப் போ" என்றார் அக்கா. கல்லை அவர் தொடவில்லை.

வீட்டுக்கு வந்து ராவிரியிடம் சொல்லிவிட்டேன். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். "நோயைக்கூட என்னைச் சொல்ல விடல நீ" என்றார். சாப்பிட எழுந்து வரவில்லை.


ஆகஸ்ட் 4, திங்கள்

மாத்திரை ஆரம்பித்திருக்கிறார். குமட்டுகிறதாம். கடை சாத்தியிருக்கிறது. துணிக்குள் இருக்கும் பதக்கத்தை இருவருமே எடுத்துப் பார்க்கவில்லை. வேறொன்றும் இல்லை எழுத.


ஆகஸ்ட் 7, வியாழன்

அக்கா வந்தார். என்னைப் பார்க்காமல் நேராகப் பட்டறைக்குப் போனார். ராவிரியும் அவரும் உள்ளே வெகுநேரம் அவர்கள் மொழியில் பேசினார்கள். ஒருமுறை ராவிரியின் குரல் உடைந்தது கேட்டது. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், ஆய்ந்ததையே மறுபடி ஆய்ந்தேன்.

அக்கா வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. என் எதிரே உட்கார்ந்தார்.

"கோபம் போகல எனக்கு" என்றார்.

"சரிக்கா."

"ரெண்டு பேர் மேலயும். ஆனா அந்தப் பையனை யோசிச்சுப் பாத்தேன். பொறந்த அன்னிக்கே அவன் பேரை மாத்தி, அப்பா அம்மா பேரை மாத்தி, நாப்பது வருஷம் பொய்யிலே வச்சாங்க. இப்பத்தான் வீட்டுக்கு வர்றான். வந்ததும் கழுத்துல இன்னொரு பொய்யைக் கட்ட முடியுமா என்னால?"

"வேற கல்லுல யாரையாவது..."

"கல்லு என்ன தப்பு பண்ணுச்சு?" என்றார். "செஞ்சது யாருன்னு அவன் காதால கேக்கணும். நீ வந்து நிக்கணும். உன் மலை எது, உன் ஆறு எது, உன்னைப் பெத்தவங்க யாரு, எல்லாம் சொல்லணும். அப்புறம்தான் உன் பேரு. உன் மொழியிலேயே சொல்லு. புரியலேன்னா பரவாயில்ல, நான் எடுத்துச் சொல்றேன்."

"அவர் சொல்லட்டுமே அக்கா."

"அவன் வரமாட்டேங்கிறான்" என்றார். "நீ வர்றே."


ஆகஸ்ட் 9, சனி

காலையில் ராவிரி தலைவலி என்றார். நான் புடவை கட்டிக்கொண்டு கிளம்பும்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கதவருகே நின்று பார்த்தேன். திரும்பவில்லை.

போகும் வழியில் அக்கா அராஹுரா ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தினார். இந்தக் கல் அந்த ஆற்றிலிருந்து வந்தது. பதக்கத்தைத் தண்ணீரில் நனைத்து அவர்கள் மொழியில் சொல்ல வேண்டியதைச் சொன்னார். தண்ணீர் கையை அறுக்கிற குளிர்.

டாமட்டி உயரமான ஆள். புதிதாக வாங்கிய சட்டையில் மடிப்புக்கோடுகள் தெரிந்தன. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். கூடத்துக்குள் நுழையும்போது பெண்கள் குரலெடுத்து அழைத்ததும் அவன் கால் நின்றுவிட்டது. கூட்டத்திலிருந்து யாரோ முதுகைத் தொட்டு நடத்திக் கூட்டிவந்தார்கள். பேச்சுகள் நடந்தன, பாட்டுகள் நடந்தன. அவனுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. எனக்கும் பாதிதான் புரிந்தது.

அக்கா எழுந்து விஷயத்தைச் சொன்னார். ஒளிக்கவில்லை. ராவிரியின் நோயைச் சொன்னபோது முன்வரிசைப் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். என்னைப் பற்றிச் சொன்னபோது பின்வரிசையில் பெரியவர் ஒருவர் எழுந்து வெளியே போனார். அக்கா அவர் போகும்வரை காத்திருந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

எழுந்து நின்றேன்.

"என் மலை மலைக்கோட்டை. என் ஆறு காவிரி. என் ஊர் உறையூர். என் அப்பா கல்லுக்குப் பட்டை தீட்டின ரத்தினசபாபதி. என் அம்மா அலமேலு. என் பேரு வடிவாம்பாள். இந்தக் கல்லை வெட்டினவர் ராவிரி, கோடு போட்டவர் ராவிரி. தேய்ச்சு முடிச்சவ நான்."

அப்பா பெயரை இத்தனை பேர் நடுவில் இதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

டாமட்டி குனிந்தான். கழுத்தில் கட்டினேன். இங்குள்ள வழக்கப்படி மூக்கும் நெற்றியும் தொட்டு மூச்சைப் பகிர்ந்துகொண்டோம். நிமிரும்போது மெல்ல, "ரொம்பச் சில்லுன்னு இருக்கே" என்றான்.

"உடம்புச் சூடு ஏறிடும். கொஞ்ச நேரம் ஆகும்" என்றேன்.

சாப்பாட்டின்போது அவன் அதைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டிருந்தான். அவ்வப்போது சட்டைமேல் கையை வைத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். வெளியே போன பெரியவர் கடைசிவரை என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ராவிரி அடுப்பு மூட்டி வைத்திருந்தார்.

"எங்க போட்டுக்கிட்டான்?" என்று கேட்டார்.

"சட்டைக்குள்ள."

தலையை ஆட்டினார். அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. நான் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன்.


ஆகஸ்ட் 13, புதன்

குமட்டல் குறைந்திருக்கிறது. காலையில் கை நடுங்கியது, மாத்திரைக்குப் பிறகு அடங்கியது, சாயங்காலம் மறுபடி நடுங்கியது. இரண்டு வாக்கியத்துக்கு மேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் இன்று என் டம்ளரையும் சேர்த்துக் கழுவி வைத்தார்.


ஆகஸ்ட் 18, திங்கள்

கடையைத் திறந்தோம். அவர்தான் திறக்கலாம் என்றார். உள்அறையில் உட்கார்ந்து பழைய துண்டுக் கற்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

பத்து மணி வாக்கில் ஒரு பெண் வந்தாள். அம்மாவைப் பறிகொடுத்தவளாம், தன் அக்காவுக்குக் கொடுக்கக் கண்ணீர்த்துளி வடிவம் வேண்டும் என்றாள். துக்கத்துக்கு அதைத்தான் கொடுப்பார்கள். மூன்று எடுத்து வைத்தேன். ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜூனில் குழாய் சொட்டுகிறதா என்று பார்க்கப் போன நாட்களில் ஒன்றில் நான் செய்தது.

"ரொம்ப அழகா இருக்கு. யார் செஞ்சது?"

வாசலில் தொங்கும் பலகையில் ராவிரியின் பெயர்தான் இருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என் மனைவி."

ராவிரி வெளியே வந்தார். அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார், என்னைப் பார்க்கவில்லை. ஆணியில் மாட்டியிருந்த கோட்டை எடுத்தார். வலது கை சட்டென்று நுழையவில்லை. நான் ஓர் அடி வைத்தேன்; வேண்டாம் என்று தலையசைத்தார். தானே நுழைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்து போனார். கண்ணாடிக் கதவு வழியே தெரிந்தது. காற்று எதிரே அடித்தது, தலையைக் குனிந்துகொண்டு போனார். பின்னாலேயே ஓடலாமா என்று நினைத்தேன். போகவில்லை.

"கழுத்துல போட்டுப் பாக்கலாமா?" என்றாள் அந்தப் பெண்.

"பாக்கலாம்" என்று அவள் பின்னால் போய் நின்றேன். தினமும் கட்டுகிற கயிறுதான். என் விரலுக்கு முடிச்சு வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே கையைப் பின்னால் கொண்டுவந்து முடிச்சைப் போட்டுக்கொண்டாள்.